கெளுத்தியின் மீசையும் மோட்டார் கொட்டகைப் பல்லியும்

ஓணாங்கரடு என்ற சின்னக் குன்றின் அடியில் ஒரு குட்டை இருந்தது. அந்தக் குட்டையின் அடிச்சேற்றில் வேலாண்டி என்ற கெளுத்தி மீன் வாழ்ந்து வந்தது. அதற்கு எட்டு மீசை. பெரிய மீசைக்காரர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் எட்டு மீசையையும் தினம் காலையில் சேற்றில் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன் என்று இருந்தது வேலாண்டி ஒன்றுதான்.

குட்டையின் மேற்குக் கரையில் கரட்டிலிருந்து ஒரு பெரும்பாறை தண்ணீரின் மேல் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நிழலில் சம்புப்புல் அடர்ந்து வளர்ந்திருந்தது. சம்புக்கு நடுவே, தண்ணீரின் மேலேயே, செவந்தி என்ற தாழைக்கோழி கூடு கட்டி ஐந்து முட்டை இட்டிருந்தது. மேலே பாறை இருப்பதால் பருந்தின் கண்ணில் படாது, மழையும் நனைக்காது. இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று செவந்திக்குப் பெருமை.

கெளுத்திகளின் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. பூமி நடுங்கப் போகிறது என்றால், அதற்கு முன்னால் மண்ணுக்குள்ளிருந்து ஒரு மெல்லிய மின்சாரம் கிளம்பித் தண்ணீருக்கு வருமாம். அது மீசையில் சுருக்கென்று தெரியுமாம். இது உண்மைதானா என்று எந்தக் கெளுத்தியும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனாலும் குட்டைக்கே காவல் தான்தான் என்று வேலாண்டி நினைத்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல். கிழக்குக் கரையில் மயில்சாமி என்ற விவசாயியின் மோட்டார் கொட்டகை இருந்தது. மோட்டார் ஓடும்போது பழைய வயரிலிருந்து கொஞ்சம் மின்சாரம் ஈரமண்ணில் கசியும். அப்போதும் மீசை சுருக்கென்னும்.

அதற்கு வேலாண்டி ஒரு சட்டம் வைத்திருந்தது.

"வரப்புல ஆள் வந்து, அப்புறம் சுருக்குன்னா மோட்டார். ஆளே வராம சுருக்குன்னா பூமி! அவ்வளவுதான். இதுக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?"

பல வருடம் அந்தச் சட்டம் பிசகாமல் நடந்தது.

ஒரு நாள் காலை. வரப்பில் ஈ காக்கை இல்லை. வேலாண்டி அப்போதுதான் மீசையைச் சுத்தம் செய்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பியது. திடீரென்று எட்டு மீசையும் ஒரே நேரத்தில் சுருக்கென்றன!

"ஐயோ! ஆள் வரலயே!" என்று வேலாண்டி தண்ணீருக்கு மேலே துள்ளியது. "பூமி நடுங்கப் போகுது! எல்லாரும் ஓடுங்க!"

கரையில் உட்கார்ந்திருந்த சடையன் என்ற தவளைக்கு அது போதும். சடையன் எந்தச் செய்தியையும் கேட்டபடி சொன்னதே இல்லை. கண், காது, மூக்கு வைத்துத்தான் சொல்லும். முதல் தாவலில், "பூமி நடுங்கப் போகுதாம்!" என்றது. மூன்றாவது தாவலில், "பூமி பிளந்துருச்சாம்!" என்றது. நண்டு வளைக்கு வந்து சேர்ந்தபோது, "நண்டுக் குடும்பத்துல பாதிப் பேரைக் காணோமாம்!" என்று அலறியது. நண்டுகள் பதறிப்போய்த் தங்களை எண்ணிப் பார்த்தன. எல்லாரும் இருந்தார்கள். இருந்தாலும் ஓடின.

செவந்தி மட்டும் கூட்டைவிட்டு எழவில்லை.

"அண்ணே, நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நூத்துக்கு நூறு நிச்சயம் தங்கச்சி! கிளம்பு!"

செவந்தி ஐந்து முட்டையையும் ஒரு முறை பார்த்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு எழுந்து மேட்டுக்கு ஓடியது.

மேட்டில் எல்லாரும் ஒருவரையொருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பூமி நடுங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். அப்போதும் நடுங்கவில்லை. ஒரு நண்டுக் குஞ்சுக்குப் பசித்து அழுகை வந்துவிட்டது.

"அங்க பாருங்க! வாய்க்கால்ல தண்ணி ஓடுது!" என்று சடையன் கத்தியது. "மோட்டார் ஓடுதுய்யா! இதுக்கா நம்மள இந்த ஓட்டம் ஓடவிட்டான் மீசைக்காரன்?"

எல்லாரும் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். செவந்தி எல்லாருக்கும் முன்னால் பறந்து போனது. கூட்டில் நான்கு முட்டைதான் இருந்தது. பாறை மேல் ஒரு காக்கை அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

செவந்தி அழவில்லை, யாரையும் ஏசவும் இல்லை. மிச்சம் இருந்த நான்கையும் நெஞ்சுக்கு அடியில் இழுத்து வைத்து உட்கார்ந்துகொண்டது. வேலாண்டி கூட்டுக்கு அருகில் வந்து தலையைத் தூக்கியது. திரும்பிச் சேற்றுக்குள் போய்விட்டது. செவந்தி ஏசியிருந்தால்கூட வேலாண்டிக்கு மனசு ஆறியிருக்கும்.

இரண்டு நாள் வேலாண்டி வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் செவந்தியே கூட்டில் இருந்தபடி தண்ணீருக்குள் அலகைவிட்டுக் கூப்பிட்டது.

"அண்ணே! சாப்பிட்டியா?"

வேலாண்டி மெல்ல மேலே வந்தது. "என்னை எதுக்குத் தங்கச்சி கூப்பிடுற? இனிமே என் மீசை அறுந்து விழுந்தாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். இது சத்தியம்."

"நல்லாருக்கே நியாயம்! அன்னைக்கு வாயைத் திறந்து ஒண்ணு போச்சு. நாளைக்கு நீ வாயை மூடி நாலும் போகவா?"

வேலாண்டி மறுபடி சேற்றுக்குள் இறங்கப் பார்த்தது.

"உன் மீசை மேல எனக்குக் கோபம் இல்ல அண்ணே. அதுக்குப் பட்டதைத்தான் அது சொல்லுச்சு. அது எங்கிருந்து வந்துச்சுன்னு நீதான் விசாரிக்கல. எது மனுஷன் வேலை, எது மண்ணோட வேலைன்னு பிரிச்சுப் பாக்கக் கத்துக்கோ. என் குஞ்சுங்க பொரிச்சு வர இன்னும் பத்து நாள் இருக்கு. இந்தப் பாறைக்கு அடியில உன்னை நம்பித்தான் உக்காந்திருக்கேன்."

இவ்வளவு பட்ட பிறகும் தன்னை நம்ப ஒரு ஆள் இருக்கிறதே என்று வேலாண்டிக்குக் கண் கலங்கியது. மீனின் கண்ணீரை யார் பார்த்தார்கள், தண்ணீரோடு போயிற்று.

அன்றைக்கே வேலாண்டி நீந்திக் கிழக்குக் கரைக்குப் போனது. மோட்டார் கொட்டகையின் சுவரில் சொக்கி என்ற பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால்தான் அதற்கு வீடு.

"சொக்கியக்கா! ஆளே வராம மோட்டார் எப்படி ஓடும்?"

"இது தெரியாதா உனக்கு?" என்று சொக்கி வாலை ஆட்டியது. "நாலு நாளைக்கு முன்னாடிதான் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியாச்சு. மூணு விளக்கு இருக்கு. மும்முனைக் கரண்டு வந்தா மூணும் எரியும். கொஞ்ச நேரத்துல 'டக்'குனு மோட்டார் தானா ஓடும். மயில்சாமி வீட்டுல போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குவாரு!"

ஒரு சின்னப் பெட்டி தெரியாமல் போனதற்காக ஒரு உயிர் போயிருக்கிறது!

"அக்கா, எனக்கு ஒரு உதவி செய்வியா? மீசை சுருக்குன்னா நான் வாலால தண்ணியை ஒரு தட்டுத் தட்டுறேன். மோட்டார் ஓடினா ரெண்டு தடவை 'ச்சு' கொட்டு. ஓடலேன்னா ஒரு தடவை."

"அதுக்கென்ன, சும்மாதானே இருக்கேன்."

அன்றிலிருந்து வேலை தொடங்கியது. மீசை சுருக்கென்னும். வேலாண்டி வாலால் தட்டும். "ச்சு, ச்சு" என்று பதில் வரும். 'சரி, மோட்டார்' என்று வேலாண்டி மறுபடி சாப்பிடப் போகும்.

ஒரு நாள் மயில்சாமி கொட்டகைக்குள் நின்று, மகளுக்கு வந்த இரண்டு வரன்களில் முதல் இடத்துக்கே சரி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து சொக்கி இரண்டு தடவை 'ச்சு' கொட்டியது. "பல்லியே சொல்லிருச்சு, முடிச்சிரலாம்!" என்று அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"நான் மோட்டார் ஓடுதுன்னுதானே சொன்னேன்!" என்று சொக்கி பதறியது. அந்தப் பெண்ணுக்கும் முதல் இடம்தான் பிடித்திருந்தது, அது வேறு விஷயம்.

ஐந்தாம் நாள் மீசை சுருக்கென்றபோது ஒரே ஒரு 'ச்சு'தான் வந்தது. மோட்டார் ஓடவில்லை!

பழைய வேலாண்டியாக இருந்தால் துள்ளிக் குதித்திருக்கும். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு சேற்றில் படுத்து மீசையைக் கவனித்தது. சுருக்... சுருக்... சுருக்... ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே இடைவெளி. நூறு எண்ணியும் கூடவில்லை, குறையவில்லை.

"மண்ணு இவ்வளவு ஒழுங்கா எண்ணுமா? இது மனுஷன் வேலை!" என்றது வேலாண்டி. சடையனைக் கூப்பிட்டுப் பார்த்துவரச் சொன்னது. சடையன் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. காட்டுப்பன்றிகள் புகாமல் இருக்கக் கடலைக் காட்டைச் சுற்றிப் புதிதாகச் சூரிய ஒளி மின்வேலி போட்டிருந்தார்கள். அதன் துடிப்புதான் அது.

ஆனால் எட்டாம் நாள் வந்த சுருக்கு எந்த ஒழுங்கும் இல்லாமல் இருந்தது. பொரிந்தது, நின்றது, மறுபடி பொரிந்தது. சொக்கி ஒரே 'ச்சு' கொட்டியது. வேலியின் துடிப்பும் இது இல்லை. வேலாண்டி கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டது. இருந்தாலும் முதலில் சடையனைத்தான் அனுப்பியது.

சடையன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தது. "ரோட்டோரம் புது ஷெட் போடுறாங்கண்ணே! ஒருத்தன் முகத்துல கறுப்புக் கண்ணாடி மூடியைப் பிடிச்சுக்கிட்டு இரும்போட சண்டை போடுறான். பொறி பறக்குது!"

"வெல்டிங் வைக்கிறாங்க" என்றது சொக்கி.

வேலாண்டி பெருமூச்சு விட்டது. "ஒழுங்கா வந்தாத்தான் மனுஷன்னு நினைச்சேன். அதுவும் தப்பாப் போச்சு. ஒரு அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது போல."

அப்போதுதான் அதற்குத் தன் தம்பியின் நினைவு வந்தது. கரட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாழுங்கிணற்றில் தம்பிக் கெளுத்தி இருந்தது. அங்கே மோட்டார் இல்லை, வேலி இல்லை, ஒரு வயர்கூட இல்லை.

"சடையா, இனிமே எனக்குச் சந்தேகம் வந்தா நீ அங்க ஓடிப்போய்க் கேக்கணும். மனுஷன் வேலைன்னா அவ்வளவு தூரம் போகாது. மண்ணோட வேலைன்னா ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா ஒண்ணு! எனக்கு என்ன தெரிஞ்சதுன்னு அவன்கிட்ட சொல்லவே கூடாது. அவனுக்கு என்ன தெரிஞ்சதுன்னு மட்டும் கேட்டுட்டு வா."

"கொஞ்சம்கூடச் சொல்லக் கூடாதா?"

"வாயைத் திறந்தே, நாக்கை முடிச்சுப் போட்டுருவேன்!"

மாதத்துக்கு ஒரு நாள், பராமரிப்பு வேலை என்று, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை அந்த ஊருக்கே கரண்டு இருக்காது. ஊரில் எல்லாரும் வியர்த்து வடிந்து புலம்புவார்கள். வேலாண்டிக்கு மட்டும் அது மீசைக்குக் கிடைத்த விடுமுறை.

பத்தாம் நாள் அந்த நாளாக அமைந்தது. செவந்தியின் கூட்டில் அன்று காலையில் இரண்டு குஞ்சுகள் பொரித்திருந்தன. கறுப்புப் பஞ்சு உருண்டைகள். மூன்றாவது முட்டையில் கீறல் விழுந்திருந்தது. நான்காவதற்குள்ளிருந்து லேசாகத் தட்டும் சத்தம் கேட்டது.

வேலாண்டி குஞ்சுகளைப் பார்த்துவிட்டுச் சேற்றுக்கு இறங்கியது. அப்போது மீசை கனத்தது.

இது சுருக்கென்று குத்தவில்லை. மெதுவாக ஏறியது, தங்கியது, இறங்கியது. மறுபடி ஏறியது. வேலியின் துடிப்பு ஒரு பக்கம் தனியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இந்தக் கனம் அப்படியே இருந்தது.

வேலாண்டி வாலால் தட்டியது. ஒரே ஒரு 'ச்சு'.

"நல்லாப் பாரு அக்கா!"

"மூணு விளக்கும் செத்துக் கிடக்கு, வேலாண்டி! காலையில இருந்து ஊருக்கே கரண்டு இல்ல. வெல்டிங்காரன்கூட மரத்தடியில படுத்துட்டான்."

வேலாண்டி சடையனைப் பார்த்தது. சடையன் ஒரு வார்த்தை பேசாமல் கரட்டின் மேல் தாவி ஓடியது. அது திரும்பி வரும்வரை வேலாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் காக்கை அலகைத் துடைத்தது திரும்பத் திரும்பக் கண்முன் வந்தது.

சடையன் வந்து சேர்ந்தது. "நான் ஒண்ணுமே சொல்லலண்ணே. 'எப்படி இருக்கே'ன்னு மட்டும்தான் கேட்டேன். 'மீசையெல்லாம் ஏன்டா கொஞ்ச நேரமா கனத்துக் கனத்து இறங்குது?'ன்னு உங்க தம்பி என்கிட்ட கேக்குறாரு!"

வேலாண்டி நேராகக் கூட்டுக்குப் போனது. இந்த முறை கத்தவில்லை.

"தங்கச்சி, ஒரு விஷயம். மீசையில ஒண்ணு தெரியுது. மோட்டார் இல்ல, வேலி இல்ல, வெல்டிங் இல்ல. அந்தப் பக்கம் தம்பிக்கும் தெரியுது. மனுஷன் பக்கம் எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் விசாரிச்சுட்டேன். மிச்சம் மண்ணுதான்னு தோணுது. ஆனா நிச்சயமான்னு கேட்டா எனக்குத் தெரியாது. அன்னைக்கு நிச்சயம்னு சொன்னேன், அது தப்பு. இன்னைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்."

செவந்தி கீறல் விழுந்த முட்டையைப் பார்த்தது. "நான் இப்ப எழுந்தா இது ரெண்டும் குளிர்ந்து போயிரும் அண்ணே. பொரிக்கிற நேரம்."

"நீ எழ வேண்டாம்! அதையும் யோசிச்சு வெச்சிருக்கேன். உன் கூடு தண்ணி மேலதானே மிதக்குது? சம்புத் தண்டுதானே பிடிச்சிருக்கு? தண்டை அறுத்துட்டா, இந்தப் பாறை விழுந்தாலும் எட்டாத இடத்துக்குக் கூட்டோட உன்னைத் தள்ளிக்கிட்டுப் போறேன். என் கணக்குத் தப்பானாலும் உனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல. சாயங்காலம் மறுபடி இங்கயே தள்ளிக்கிட்டு வந்து விட்டுருவேன்."

செவந்தி வேலாண்டியை உற்றுப் பார்த்தது. "சரி. தள்ளு அண்ணே."

சடையன் நண்டுகளிடம் போனது. தன் வாழ்நாளிலேயே மிகச் சின்னச் செய்தியைச் சொன்னது. "வேலாண்டி அண்ணனுக்கு ஒரு சந்தேகம். தப்பாவும் இருக்கலாம். பாறைக்கு அடியில யாரும் இருக்காதீங்க. செவந்தி அக்கா கூட்டை நகர்த்தணும், வந்து தண்டை அறுங்க."

கண் இல்லை, காது இல்லை, மூக்கு இல்லை! சடையனே இப்படிப் பேசுகிறதென்றால் விஷயம் பெரிது என்று நண்டுகள் உடனே புறப்பட்டன. கடுக்கு கடுக்கென்று சம்புத் தண்டுகளை அறுத்தன. வேலாண்டி கூட்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துத் தள்ளியது. மறுபக்கம் சடையன் தள்ளியது. செவந்தி இறக்கைகளை விரித்து நான்கையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூடு ஆடி அசைந்து பாறை நிழலைவிட்டு வெளியே வந்தது. நடுக்குட்டையைத் தாண்டி கிழக்குக் கரையின் கோரைப்புல்லில் போய் ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் வேலாண்டியைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. தப்பாகவும் இருக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்ததே!

வெயில் சாயத் தொடங்கியபோது தண்ணீர் காற்றில்லாமல் சிலிர்த்தது. கொட்டகையின் ஓடுகள் கலகலத்தன. சொக்கி சுவரைவிட்டுத் தரையில் விழுந்தது. பூமி ஒரு முறை, அதிகம் இல்லை, உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும் மாடு மாதிரி நடுங்கியது. மேற்குக் கரையில் பெரும்பாறை முனகியது, சாய்ந்தது, சம்பை நசுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் விழுந்தது. கூடு இருந்த அதே இடத்தில்!

பெரிய அலை ஒன்று எழுந்து வந்தது. வேலாண்டி கூட்டைத் தலையால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டது. அலை அடங்கும்வரை விடவில்லை.

அலை அடங்கியதும் எல்லாரும் கலங்கிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அமைதியில் செவந்தியின் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு புதுக் குரல் 'கீச்' என்றது. சற்று நேரத்தில் இன்னொன்று.

வேலாண்டி தலையைத் தூக்கி எட்டிப் பார்த்தது. நான்கு கறுப்பு உருண்டைகள்.

"அஞ்சு இருந்திருக்கணும், தங்கச்சி."

செவந்தி அலகால் அதன் மீசை ஒன்றை மெல்லத் தொட்டது. "இருந்திருக்கணும். அது எனக்கும் மறக்காது. ஆனா அது போனதுக்கப்புறம் நீ சேத்துக்குள்ளயே கிடந்திருந்தா, இன்னைக்கு இந்த நாலும் அந்தப் பாறைக்கு அடியில இருந்திருக்கும். வெளியே வந்தியே அண்ணே, அது போதும்."

மாலை ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. கொட்டகைக்குள் 'டக்' என்றது. வேலாண்டியின் எட்டு மீசையும் சுருக்கென்றன. அது திடுக்கிட்டுத் துள்ளியதைப் பார்த்துக் குஞ்சுகள் பயந்து தாயின் இறக்கைக்குள் புகுந்துகொண்டன.

சுவரிலிருந்து சத்தம் வந்தது: "ச்சு, ச்சு."

வேலாண்டி சிரித்துவிட்டது. "பயப்படாதீங்க கண்ணுங்களா. அது மோட்டார்தான். நிம்மதியாத் தூங்குங்க, மாமா முழிச்சுத்தான் இருக்கேன்."

அபாயம் என்று கூவுவதற்கு முன்னால் அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து, தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறவரின் எச்சரிக்கைதான் உயிரைக் காக்கும்.